இரண்டு கொம்பு

முப்பத்து நான்கு வருஷம் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியராக இருந்தவன் நான். கண்ணைக் கட்டிவிட்டு சாக்பீஸைக் கையில் கொடுத்தால்கூட யானை, மயில், மான், காண்டாமிருகம் நான்கையும் பலகையில் போட்டுவிடுவேன். அதிலும் காண்டாமிருகம் எனக்கு ரொம்பப் பிடித்த உருப்படி. மூக்கு மேல் ஒற்றைக் கொம்பு, உடம்பில் போர்வீரன் கவசம் மாதிரி நாலு பெரிய மடிப்பு, மடிப்பின் ஓரத்தில் ஆணி அடித்தாற்போல் புள்ளிகள். இரண்டே நிமிஷம். பையன்கள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள்.

1987-ல் என்று நினைவு. ஏழாம் வகுப்பில் 'எனக்குப் பிடித்த காட்டு விலங்கு' என்று வரையச் சொன்னேன். ஒரு பையன் காண்டாமிருகம் வரைந்திருந்தான். முன்னால் நீளமாக ஒரு கொம்பு, அதற்குப் பின்னால் குட்டையாக இன்னொன்று. உடம்பில் ஒரு மடிப்புகூட இல்லை. மழமழவென்று விட்டிருந்தான்.

"என்னடா இது, எருமைக்கு மூக்குல கொம்பு முளைச்சிருக்கு?" என்றேன். வகுப்பே சிரித்தது.

"சினிமாவுல பார்த்தேன் சார். எங்க மாமா மதுரைக்குக் கூட்டிட்டுப் போனாரு. ஹட்டாரின்னு படம்."

"சினிமாவுல காட்டுறதெல்லாம் நிஜமாடா?"

சிவப்பு மையால் பின்னால் இருந்த கொம்பை அடித்தேன். பத்துக்கு மூன்று போட்டேன். அவன் நோட்டை வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தான். அதற்குப் பிறகு ஓவிய வகுப்பில் அவன் சொந்தமாக எதையும் வரைந்ததாக எனக்கு நினைவில்லை. நான் பலகையில் போடுவதை அப்படியே பார்த்துப் போடுவான். அப்போது அதை நான் முன்னேற்றம் என்றுதான் நினைத்தேன்.

போன வருஷம் மகள் வீட்டுக்கு நைரோபி போயிருந்தேன். மாப்பிள்ளைக்கு அங்கே வேலை. "மாமா, ஞாயித்துக்கிழமை காட்டுக்குப் போலாம், சீக்கிரம் படுங்க" என்றார். நான் ஏதோ ஐந்தாறு மணி நேரப் பயணம் என்று நினைத்து இட்லி கட்டச் சொன்னேன். வீட்டிலிருந்து கிளம்பி இட்லிப் பொட்டலம் சூடு ஆறுவதற்குள் வாசல் வந்துவிட்டது. நைரோபி தேசியப் பூங்கா ஊரை ஒட்டியே இருக்கிறது. 1946-ல் ஏற்பட்டது, கென்யாவின் முதல் தேசியப் பூங்கா. 117 சதுர கிலோமீட்டர். ஒட்டகச்சிவிங்கி கழுத்தை நீட்டி நிற்கும். அதன் காதுக்குப் பின்னால் இருபது மாடிக் கட்டடங்கள் தெரியும். புது ரயில் பாதைகூட உயரமான தூண்கள் மேல் பூங்காவைக் கடந்து போகிறது.

வண்டி ஓட்டியவர் ஐம்பது வயதுக்காரர். என்னை 'ம்ஸே' என்று கூப்பிட்டார். பெரியவரே என்று அர்த்தமாம். பேத்திக்கு அந்த வார்த்தை பிடித்துப்போய் அன்றைக்கு முழுக்க என்னை ம்ஸே தாத்தா ஆக்கிவிட்டாள்.

ஏழு மணி இருக்கும். வண்டி நின்றது. அவர் ஒன்றும் பேசாமல் கையை மட்டும் காட்டினார். நம்மூர் வேலமரத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி முள் மரங்கள். கிளையெல்லாம் கறுப்பாக உருண்டை உருண்டையாகப் புடைப்புகள். அதற்குள் எறும்பு குடியிருக்கும். எறும்பு போட்ட ஓட்டையில் காற்று நுழைந்தால் விசில் சத்தம் வரும். அந்த முள்ளை ஒரு பெரிய மிருகம் முருங்கைக்கீரை உருவுவதுபோல உருவித் தின்றுகொண்டிருந்தது.

கறுப்புக் காண்டாமிருகம். பெயர்தான் கறுப்பு; நிறம் சாம்பல். ஆப்பிரிக்காவில் வெள்ளைக் காண்டாமிருகம் என்றும் ஒன்று உண்டு, அதுவும் சாம்பல்தான். வித்தியாசம் வாயில் இருக்கிறது. வெள்ளைக்கு அகலமான சப்பை வாய், மாடு மாதிரி புல் மேயும். கறுப்புக்கு மேலுதடு கிளி மூக்குப்போல் கூராக வளைந்திருக்கும். அந்த உதட்டையே விரல் மாதிரி நீட்டிக் கிளையை வளைத்து இழுக்கும். அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அவ்வளவு பெரிய உடம்பு, அவ்வளவு நாசூக்கான உதடு.

கொம்பு இரண்டு. முன்னால் நீளம், பின்னால் குட்டை. உடம்பில் மடிப்பு இல்லை.

அந்தப் பையனின் நோட்டு அப்படியே கண் முன்னால் வந்து நின்றது.

எங்கே போனாலும் பையில் ஒரு ஸ்கெட்ச் நோட்டு வைத்திருப்பேன். எடுத்து வரைய ஆரம்பித்தேன். ஐந்து நிமிஷம் கழித்துப் பேத்தி எட்டிப் பார்த்து, "தாத்தா, அதுக்கு சட்டை போட்டுவிட்டிருக்கீங்களா?" என்றாள். குனிந்து பார்த்தேன். தோள்பட்டையில் ஒரு மடிப்பு, இடுப்பில் ஒரு மடிப்பு. எதிரே முப்பது அடியில் மிருகம் நிற்கிறது, அதில் மடிப்பு இல்லை, அது எனக்கும் தெரிகிறது. கை பாட்டுக்குப் போட்டிருக்கிறது.

இந்த மடிப்பு என் கைக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். கும்பகோணத்தில் ஓவியம் படித்த காலத்தில், ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1515-ல் செய்த மரச்செதுக்கு அச்சுப்படத்தின் பிரதி ஒன்றைப் பார்த்து நாள் முழுக்க நகல் எடுத்திருக்கிறேன். உலகத்திலேயே பேர்போன காண்டாமிருகப் படம் அதுதான். அந்த மிருகம் நம் நாட்டுக்காரர். குஜராத் சுல்தான் இரண்டாம் முசாபர் ஷாவிடமிருந்து போர்ச்சுக்கீசிய ஆளுநர் அல்புகெர்க்கிக்கு வந்தது. அவர் அதைக் கப்பலேற்றித் தன் ராஜா மானுவேலுக்கு அனுப்பினார். 1515 மே மாதம் லிஸ்பனில் போய் இறங்கியது. ராஜா அதையும் ஒரு யானையையும் மோதவிட்டார், யானை ஓடிப்போனது. பிறகு ராஜா அதைப் போப்பாண்டவருக்குப் பரிசாக அனுப்ப, இத்தாலிக் கரையோரம் புயலில் கப்பல் மூழ்கியது. சங்கிலியில் கட்டியிருந்ததால் நீந்தவும் முடியாமல் செத்தது.

டியூரர் அந்த மிருகத்தைப் பார்த்ததே இல்லை. லிஸ்பனிலிருந்து வந்த ஒரு கடிதத்தையும் கோட்டுப்படத்தையும் வைத்து நியூரெம்பெர்க்கில் உட்கார்ந்தபடி வரைந்தார். இந்தியக் காண்டாமிருகத்துக்கு மடிப்பு உண்டு. அவர் அதை இரும்புத் தகடாக்கிவிட்டார். முதுகில், கழுத்துக்குப் பக்கத்தில், இல்லாத குட்டிக் கொம்பு ஒன்றையும் முளைக்கவைத்தார். படம் அவ்வளவு கம்பீரம். இருநூறு வருஷத்துக்கு மேல் ஐரோப்பா முழுக்க அதைத்தான் காண்டாமிருகம் என்று நம்பியது.

இதில் எனக்கு ஆறுதலான கதை ஜேம்ஸ் புரூஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரருடையது. நைல் நதியின் மூலத்தைத் தேடி எத்தியோப்பியாவுக்குப் போனவர். 1790-ல் வெளியிட்ட பயணப் புத்தகத்தில், ஆப்பிரிக்காவின் இரட்டைக் கொம்புக் காண்டாமிருகத்தைத் தானே நேரில் பார்த்து வரைந்ததாகப் படம் போட்டார். டியூரர் படம் தப்பு என்று கண்டித்தும் எழுதினார். ஆனால் அவர் போட்ட படத்திலும் உடம்பு முழுக்க மடிப்பு! கொம்பு மட்டும் இரண்டு. கோம்ப்ரிச் என்ற கலை வரலாற்றாசிரியர் தன் புத்தகத்தில் இதை எடுத்துக்காட்டுகிறார். எனக்கு இரண்டரை நூற்றாண்டு மூத்த சக குற்றவாளி.

ஒன்றும் படிக்காதவர்கள் சரியாகப் பார்த்திருக்கிறார்கள். பிரான்சில் ஷோவே குகையில் முப்பதாயிரம் வருஷத்துக்கு முன்னால் வரைந்த காண்டாமிருகங்களில் ஒன்றுக்குக் கொம்பைப் பல கோடுகளாக அடுக்கிப் போட்டிருக்கிறார்கள். தலையை ஆட்டுவதுபோலவே தெரியும். தென்னாப்பிரிக்காவில் மாபுங்குப்வே மலை மேல் ஒரு ராஜ சமாதியில் 1930-களில் கிடைத்த தங்கக் காண்டாமிருகம் ஒரு சாண்கூட நீளமில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டு வேலை. மரத்தில் செதுக்கி மேலே மெல்லிய தங்கத் தகட்டைச் சின்னச் சின்ன ஆணியால் அறைந்திருக்கிறார்கள். கொம்பு ஒன்றுதான். ஆனால் தலையைத் தாழ்த்தி நிற்கிற நிலை இருக்கிறதே, அன்று நான் பார்த்த அதே நிலை. படத்தில்தான் பார்த்திருக்கிறேன், நேரில் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

பக்கத்தைத் திருப்பி மறுபடி ஆரம்பித்தேன். அப்போது புதர் அசைந்து குட்டி ஒன்று வெளியே வந்தது. அம்மாவின் முதுகில் உட்கார்ந்திருந்த சிவப்பு அலகுப் பறவை ஒன்று திடீரென்று கத்தியது. அம்மா தலையை நிமிர்த்தி எங்கள் பக்கம் திரும்பியது. அதற்குக் கண் பார்வை மட்டம். மோப்பமும் காதும்தான் எல்லாம். அந்தப் பறவைக்கு சுவாஹிலியில் 'காண்டாமிருகத்தின் காவல்காரன்' என்று பெயர் என்றார் ஓட்டுநர். தோலில் இருக்கிற உண்ணியைத் தின்றுகொண்டு, ஆள் அரவம் கேட்டால் குரல் கொடுக்குமாம்.

"ஓடினால் பாருங்கள், குட்டி பின்னால்தான் போகும்" என்றார். வெள்ளையில் குட்டி முன்னால் ஓடும், அம்மா பின்னால். கறுப்பில் அம்மா முன்னால் போய் முள்ளை மிதித்து வழி பண்ணும், குட்டி அந்தத் தடத்தில் வரும்.

காவலுக்குப் பறவை போதுமா? அவர் சின்ன வயதில் கிராமத்தில் காண்டாமிருகத்துக்குப் பயந்து மரம் ஏறிய கதைகளைக் கேட்டிருக்கிறாராம். 1970 வாக்கில் கென்யாவில் சுமார் 20,000 இருந்தவை, எண்பதுகளின் கடைசியில் 400-க்கும் கீழே வந்துவிட்டன. ஏமனில் கத்திப் பிடிக்கும் கிழக்காசியாவில் மருந்துக்கும் போன கொம்புகள். இத்தனைக்கும் அந்தக் கொம்பு நம் நகமும் முடியும் எதனால் ஆனதோ அதே கெராட்டின். 1995-ல் ஆப்பிரிக்கா முழுக்க இருந்தவை ஏறத்தாழ 2,400. காமரூன் பக்கம் இருந்த மேற்குக் கிளையினம் அழிந்துவிட்டதாக 2011-ல் அறிவித்தார்கள். துப்பாக்கி ஏந்திய காவலர்கள் ராப்பகலாகச் சுற்றியதில் இப்போது மொத்தம் 6,000-ஐத் தாண்டியிருக்கிறது. கென்யாவில் ஆயிரத்தை ஒட்டி. திரும்பும் வழியில், 2016-ல் 105 டன் தந்தத்தையும் ஒன்றேகால் டன்னுக்கு மேல் காண்டாமிருகக் கொம்பையும் குவித்து எரித்த இடத்தைக் காட்டினார். பேத்தி, "ஏன் எரிச்சாங்க, வித்தா காசு வருமே?" என்றாள். "வித்தா இன்னும் நாலு பேருக்கு வாங்கத் தோணும்" என்றாள் என் மகள்.

அந்த அம்மா ஓடவில்லை. ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, நிதானமாகத் திரும்பிப் புதருக்குள் போனது. குட்டி பின்னாலேயே போனது. நான் அதற்குள் தலை, இரண்டு கொம்பு, அந்த உதடு, முதுகுக்கோடு வரை முடித்திருந்தேன்.

ஊருக்கு வந்ததும் அந்தப் பையனைத் தேடிப் போனேன். பையன் என்ன பையன், ஐம்பதைத் தொட்டிருப்பான். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே எலெக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறான். எத்தனையோ தடவை பல்பு வாங்கியிருக்கிறேன். நோட்டைப் பிரித்து மேஜை மேல் வைத்தேன்.

"கென்யா போயிருந்தேன்ப்பா. நேர்ல பார்த்தேன். ரெண்டு கொம்புதான்."

அவன் ஒயர் அளந்துகொண்டிருந்தான். கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தான்.

"ஹட்டாரி" என்றான்.

"தப்பா மார்க் போட்டுட்டேன்."

"மூணு மார்க் சார்" என்றான். உடனே சொன்னான்.

வாடிக்கையாளர் ஒருவர் ஒயரைக் காட்டி அவசரப்படுத்தினார். அவன் அவரை இருங்க என்று கையமர்த்திவிட்டு, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தான். நோட்டை என் பக்கம் லேசாகத் திருப்பினான்.

"உதடு நல்லா வந்திருக்கு சார். காதுதான்... இன்னும் கொஞ்சம் உருண்டையா இருக்கும். போடட்டுமா?"