குளிர் ஒத்துக்காது

பத்து வருடம் என் அம்மாவிடம் ஒரே பொய்யைச் சொல்லிவந்தேன். "இந்த ஊர்க் குளிர் உனக்கு ஒத்துக்காதும்மா." கேட்பதற்கு மகனின் அக்கறை போலவே இருக்கும். அதனால்தான் அத்தனை வருடம் அதை யாரும் பொய் என்று கண்டுபிடிக்கவில்லை.

வேலூரிலிருந்து பெங்களூருக்கு நான் வந்தது 2003 மே மாதம், கத்திரி வெயில் நடுவில். வேலூர் வெயிலை அனுபவித்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஊரைச் சுற்றிலும் பாறை மலைகள். பகலெல்லாம் காய்ந்த பாறை ராத்திரி முழுக்க அனலைக் கக்கிக்கொண்டிருக்கும். பாலாறு பெயருக்குத்தான் ஆறு. எங்களுடையது கான்கிரீட் கூரை வீடு. சாயங்காலம் ஆறு மணிக்கு அம்மா மொட்டைமாடிக்குப் பத்துக் குடம் தண்ணீர் தூக்கிப்போய் ஊற்றுவாள். தரை 'சுர்' என்று இழுத்துக்கொள்ளும். ஆவி கிளம்பி அடங்கியபிறகு பாய் விரிப்போம். அப்படியும் பன்னிரண்டு மணிக்கு முன்னால் யாருக்கும் கண் மூடாது.

அப்போது ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்தி மாதம் 3,500 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தேன். பெங்களூரில் 14,000 தருவதாகச் சொன்னார்கள். மடிவாளாவில் நாலு பேர் தங்கும் அறை. வந்த அன்று சாயங்காலமே இடியும் மழையுமாகக் கொட்டியது. ராத்திரி மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். மறுநாள் எஸ்.டி.டி. பூத்திலிருந்து எதிர்வீட்டுக்குப் போன் போட்டு அம்மாவைக் கூப்பிடச் சொன்னேன். "மே மாசத்துல போர்வை போத்திக்கினு தூங்கினேம்மா" என்றேன். அம்மா அதைத் தெரு முழுக்கச் சொல்லியிருக்கிறாள். நான் வாங்கப்போகும் சம்பளத்தைவிட அந்தப் போர்வைதான் அவளுக்குப் பெருமையாக இருந்தது.

எங்கள் குடும்பத்தில் பெங்களூருக்கு வந்த முதல் ஆள் நான் இல்லை. ஐ.டி.ஐ. தொலைபேசித் தொழிற்சாலை 1948ல் தொடங்கியது. அதற்கும், எச்.ஏ.எல்., எச்.எம்.டி., பி.இ.எல். என்று அங்கே இருந்த மற்ற அரசு நிறுவனங்களுக்கும் வடாற்காட்டிலிருந்து ரயிலேறிப் போனவர்கள் ஏராளம். என் சித்தப்பாவும் அப்படித்தான் ஐ.டி.ஐ.யில் சேர்ந்தார். தூரவாணி நகரில் சின்ன குவார்ட்டர்ஸ், ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. அதற்குள் சித்தி, மூன்று பிள்ளைகள், கூடவே என் பாட்டி. பாட்டி அங்கே பதினோரு வருடம் இருந்தாள். டிசம்பர் பனியில் காதுக்கு மப்ளர் கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து வெற்றிலை இடிப்பாள். குளிர் ஒத்துக்கொள்ளுமா என்று அவளை யாரும் கேட்டதில்லை. அம்மா இருக்குமிடம் பிள்ளை வீடு. சித்தப்பாவுக்கு அதில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

நான் 2008ல் வாங்கிய அடுக்குமாடி வீடு அந்தக் குவார்ட்டர்ஸுக்கு இரண்டு கிலோமீட்டர் தள்ளி, ராமமூர்த்தி நகரில் இருக்கிறது. இரண்டு படுக்கையறை. பாட்டி பதினோரு குளிர்காலம் கழித்த அதே காற்றுதான் என் ஜன்னலுக்கும் வருகிறது. இதெல்லாம் தெரிந்துதான் அந்தப் பொய்யைச் சொன்னேன்.

அப்பா 2009 அக்டோபரில் இறந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிப் போனபிறகு, பாத்திரங்களைக் கவிழ்த்துக்கொண்டே அம்மா கேட்டாள்: "அங்க குளிரு எனக்குத் தாங்குமாப்பா?"

அது கேள்வி இல்லை. 'தாங்கும், நீ வாம்மா' என்று நான் சொல்வதற்காக அவள் திறந்துவைத்த கதவு. வாய்விட்டு 'என்னைக் கூட்டிப்போ' என்று சொல்ல அவளுக்குக் கூச்சம். அது எனக்கு அந்த நொடியிலேயே புரிந்தது. புரிந்தும், "கஷ்டம்தாம்மா, உனக்கு ஒத்துக்காது" என்றேன். அவள் கொடுத்த சொல்லையே எடுத்து அவளுக்கு எதிராக வைத்தேன்.

அடுத்த வருடம் டிசம்பரில் இரண்டு வாரம் வந்திருந்தாள். வந்த மூன்றாம் நாள் பரண்மேல் இருந்த பழைய சாமான்களையெல்லாம் இறக்கித் துடைத்தாள். அன்றைக்கு ராத்திரி இழுப்பு வந்தது. டாக்டர் மருந்துப் புகை வைத்து அனுப்பினார். விடிந்ததும் சரியாகிவிட்டது. தூசியால் வந்த இழுப்பு என்று டாக்டரும் சொன்னார். நான் எல்லோரிடமும் குளிரால் வந்தது என்றே சொன்னேன். அந்த ஒரு ராத்திரியை எட்டு வருடத்துக்கும் மேல் சாட்சியாக வைத்துக்கொண்டேன்.

உண்மையான காரணமும் அந்த இரண்டு வாரத்துக்குள்தான் இருக்கிறது. அம்மாவுக்கு வீட்டுக்குள் அடைந்து கிடக்கத் தெரியாது. காலையில் கீழே இறங்கிப்போய் வாட்ச்மேன் மனைவியோடு கேட்டருகில் உட்கார்ந்துவிடுவாள். ஒருநாள் எங்கள் தளத்தில் இருப்பவர் என்னோடு லிஃப்டில் வந்தபோது, "புதுசா வேலைக்கு ஆள் கிடைச்சிட்டாங்களா? எங்களுக்கும் சொல்லுங்களேன்" என்றார். அவர் சொன்னது என் அம்மாவை. கசங்கிய நூல் புடவை, வாயில் வெற்றிலை, காலில் ரப்பர் செருப்பு. "இல்ல சார், ஊர்லேருந்து வந்திருக்காங்க" என்றேன். என் அம்மா என்று சொல்லவில்லை. இரண்டே சொல். லிஃப்ட் நாலாவது மாடிக்குப் போகும்வரை நேரம் இருந்தது. சொல்லவில்லை.

அந்த லிஃப்டைப் பற்றி இதுவரை யாரிடமும் பேசியதில்லை. வேலை, வானிலை என்று நான் அடுக்கிய காரணங்களுக்கெல்லாம் அடியில் கிடந்தது அதுதான். நல்ல சம்பளமும் நல்ல காற்றும் தேடி வந்தவன், வந்த இடத்தில் எங்கிருந்து வந்தேன் என்று தெரியாமல் இருக்க வேண்டும் என்று விரும்ப ஆரம்பித்துவிட்டேன். 'கீது', 'இன்னாப்பா' என்ற பேச்சை நான் விட்டு ஏழு வருடம் ஆகியிருந்தது. அம்மா வந்தால் அது நடுவீட்டுக்கு வந்துவிடும். இன்னொன்றும் உண்டு. இரண்டாவது அறையை என் வேலை அறையாக்கிக்கொண்டிருந்தேன். அந்த மேசையை நகர்த்த எனக்கு மனம் வரவில்லை.

என் மனைவிமேல் பழி போய்விடக் கூடாது. "அத்தையைக் கூட்டிட்டு வந்துடுங்க, தனியா என்ன பண்ணுவாங்க" என்று அவள் இரண்டு மூன்று தடவை சொன்னாள். அவளிடம் வேறு பொய் சொன்னேன். "அம்மாவுக்கு ஊரை விட்டு வர மனசில்ல. அப்பா இருந்த வீடு." அம்மாவிடம் ஒன்று, மனைவியிடம் ஒன்று. இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் பார்த்துக்கொண்டேன். அவர்கள் போனில் பேசினால் பக்கத்திலேயே நிற்பேன்.

ஊரின் குளிர்ச்சியும் அதற்குள் குறைந்துகொண்டே வந்தது. பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கும் மேலே இருக்கிறது, வேலூர் 200 மீட்டர் சொச்சம்தான். ரயில் ஜோலார்பேட்டை தாண்டிக் குப்பம் ஏறும்போதே காற்று மாறுவது முகத்தில் தெரியும். அந்த உயரம் அப்படியே இருக்கிறது, ஏரிகளும் மரங்களும்தான் போய்விட்டன. தர்மாம்புதி ஏரி இருந்த இடம் மெஜஸ்டிக் பேருந்து நிலையம். சம்பங்கி ஏரி இருந்த இடம் கண்டீரவா விளையாட்டரங்கம். அவை பழைய கதை. எங்களைப் போல வந்து குவிந்தவர்களின் அடுக்குமாடிகளுக்காக எங்கள் கண்முன்னாலேயே போனவை வேறு.

2016 ஏப்ரல் 24ஆம் தேதி பெங்களூரில் 39.2 டிகிரி செல்சியஸ் பதிவானது. அதுவரை இந்த ஊர் பார்க்காத வெப்பம். அன்றைக்கு ராத்திரி அம்மா போன் செய்தாள்.

"டி.வி.ல சொன்னாம்பா. உங்க ஊர்லயும் எங்கள மாதிரியே வெயிலாமே?"

"ஆமாம்மா."

"அப்ப இனிமே எனக்கு ஒத்துக்கும்ல?"

குத்திக்காட்ட அவளுக்குத் தெரியாது. நிஜமாகவே கேட்டாள். ஏழு வருடமாகக் குளிர்தான் தடை என்று நம்பிக்கொண்டிருந்தவளுக்கு அந்தத் தடை நீங்கிவிட்டது என்ற சந்தோஷம் குரலில் இருந்தது. "ரெண்டு மழை பெஞ்சா திரும்பக் குளிர்ந்துடும்மா" என்றேன். அந்த வாரமே எங்கள் படுக்கையறைக்கு ஏ.சி. வாங்கி மாட்டினேன். வேலூரில் அவள் இருந்த வீட்டில் ஏ.சி. இல்லை. ஒரு ஏர் கூலர்தான், அதுவும் பக்கத்து வீட்டார் சொல்லி வாங்கிக்கொடுத்தது.

2019 மே மாதம், மொட்டைமாடியில் தண்ணீர் ஊற்றப் போனவள் மயங்கி விழுந்தாள். அப்போது அவளுக்கு எழுபது வயது தாண்டியிருந்தது. பத்துக் குடம் நாலு குடமாகக் குறைந்திருந்தது, ஆனாலும் ஊற்றுவதை விடவில்லை. எதிர்வீட்டுப் பிள்ளைகள் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார்கள். வெயிலில் உடம்பில் நீர் வற்றி உப்புச்சத்து குறைந்துவிட்டது என்றார் டாக்டர். கிருஷ்ணராஜபுரத்திலிருந்து காட்பாடிக்கு ரயிலில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். அந்த மூன்று மணி நேரமும் எனக்கு நினைவுக்கு வந்தது லிஃப்ட்தான்.

அவளைக் கூட்டிவரத் துணி எடுத்துவைத்தபோது பீரோவின் அடித்தட்டில் பாச்சை உருண்டை வாசனையோடு ஒரு ஸ்வெட்டர் இருந்தது. அரக்கு நிறம், விலைச்சீட்டுகூடப் பிரிக்கவில்லை.

"இது எப்பம்மா வாங்கின?"

"அப்பா போன வருஷமே வாங்கினேம்பா. நீ கூப்ட்டா தேடிக்கினு இருக்கக் கூடாதே."

மேசையை ஹாலுக்கு நகர்த்தினேன். அரை மணி நேர வேலை. அம்மா அந்த அறையில் இருபது மாதம் இருந்தாள். இரண்டு டிசம்பர் பார்த்தாள். ஒரு ராத்திரிகூட இழுப்பு வரவில்லை.

இரண்டாவது டிசம்பர், 2020. பெங்களூரில் அது அவரைக்காய்க் காலம். கொட்டையை ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி எடுத்துக் குழம்பு வைப்பது வேலூர்ப் பக்கத்திலும் உண்டு. பிதுக்கம்பருப்பு என்போம். அம்மாவும் மனைவியும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து பிதுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் ஹாலில் அலுவலகக் கூட்டத்தில் இருந்தேன், என் மைக்கை நிறுத்தி வைத்திருந்தேன்.

"தப்பா நெனச்சிக்காதம்மா. நீதான் வேணாம்னு சொல்லிட்டியோன்னு ரொம்ப நாளு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றாள் அம்மா.

"நானா? நான் கூட்டிட்டு வாங்கன்னுதான் சொன்னேன் அத்தை. நீங்கதானே ஊரை விட்டு வரமாட்டேன்னு சொல்லிட்டீங்க?"

பருப்பு எவர்சில்வர் கிண்ணத்தில் விழும் சத்தம் நின்றது. பத்து வருடம் ஒருத்தி இன்னொருத்தியைச் சந்தேகித்திருக்கிறாள். மற்றவள், மாமியாருக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்திருக்கிறாள். இருவரும் அதை வெளியில் சொல்லாமல் ஒருவருக்கொருவர் பொங்கலுக்குப் புடவை எடுத்துக்கொடுத்திருக்கிறார்கள். நான் எழுந்துபோய் அவர்கள் நடுவில் உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும். திரையைப் பார்த்தபடியே இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் கிண்ணத்தில் பருப்பு விழும் சத்தம் மறுபடி கேட்டது.

அம்மா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றினாள். மனைவி மட்டும், அம்மா தூங்கியபிறகு, "ஏங்க?" என்றாள். அந்த ஒரு சொல்லுக்கு அப்போது பதில் சொல்லாததால்தான் இப்போது இதை எழுதுகிறேன்.

அதற்குப் பிறகு அம்மா இரண்டு மாதம் இருந்தாள். 2021 பிப்ரவரியில் தூக்கத்திலேயே போய்விட்டாள். அந்த இரண்டு மாதமும் ராத்திரி அவள் அறைக்குப் போவேன், சொல்லிவிட வேண்டும் என்றுதான். போர்வையைச் சரிசெய்வேன். பனி இறங்குகிறதே என்று ஜன்னல் பக்கம் கை போகும்.

"சாத்தாதப்பா" என்பாள், அரக்கு ஸ்வெட்டருக்குள்ளிருந்து. "காத்து நல்லாக்கீது."