மூலைக்கல்

24 ஜூலை 2019
பாஸ்கோ ஊரிலிருந்து இட்பாயாட் தீவுக்குப் படகில் வந்து சேர்ந்தேன். மற்ற பிலிப்பைன் படகுகள் பலவற்றுக்கு இருபுறமும் மூங்கில் கை இருக்கும். இந்த ஃபலுவாவுக்கு இல்லை. இந்த அலைக்கு அது நிற்காதாம். தீவைச் சுற்றிச் செங்குத்துப் பாறைதான். சினபோலிரான் துறையில் அலை படகைத் தூக்கும் நொடி பார்த்து, மேலே நிற்பவர் கையைப் பிடித்துத் தாவ வேண்டும். தாவினேன். செருப்பு ஒன்று கடலுக்கு.

நாட்டின் வடகோடி நகராட்சி. நகராட்சி என்று பெயர்தான். ஜனம் மூவாயிரத்துக்கு அக்கம்பக்கம். ஐந்து பராங்காய்களில் (ஊர்ப் பிரிவுகளில்) நான்கு ஒட்டிக் கிடக்கின்றன, ராயேலே மட்டும் தள்ளி. நடு ஊருக்கு மாயான் என்று பெயர். எழுதினால் கை மயானம் என்று ஓடுகிறது. அடித்துத் திருத்தினேன்.

25 ஜூலை
நான் தங்கும் வீட்டின் சன்னல் குழிக்குள் கையை விட்டால் முழங்கையைத் தாண்டிப் போகிறது. அவ்வளவு கனச் சுவர். கல்லும் சுண்ணாம்பும், மேலே கோகன் புல். 2016 செப்டம்பரில் ஒரு பெரும்புயலின் கண் இந்தத் தீவின் மேலேயே போயிற்று. விடிந்து பார்த்தபோது கூரைப் புல் இல்லையாம், சுவர் அப்படியே நின்றதாம். வீட்டு லோலா (பாட்டியை இங்கே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்) சொன்னார்: "காற்று வந்து தட்டும். நாங்கள் திறக்கமாட்டோம்."

நன்றாகத் தூங்கினேன்.

27 ஜூலை, சனி. இரவு
அதிகாலை 4.16. கட்டில் நகர்ந்தது, வாசலுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. இருட்டில் கல் சரியும் சத்தம், பிறகு பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தம். ஒரு பெயருக்குப் பதில் வரவேயில்லை. அளவு 5.4 என்று பிறகு சொன்னார்கள்.

விடிந்ததும் லோலா உள்ளே போகக் கிளம்பினார். வாகுல் வேண்டுமாம், தலையில் போட்டுக்கொள்ளும் அந்தப் பனைநார்ப் போர்வை. நான் கையைப் பிடித்தேன். உதறினார். மறுபடி பிடித்தேன். 7.37க்கு அடுத்தது, 5.9. அடுப்படிச் சுவர் எங்கள் கண் முன்னால் உட்கார்ந்தது. என் கையை அவர் இன்னும் விடவில்லை.

தேவாலயத்தின் மணிக்கூண்டு இல்லை. எட்டுப் பேர் என்றார்கள், பிறகு ஒன்பது. பலர் தூக்கத்திலேயே, வீட்டுக்குள்ளேயே.

மாயான் என்று எழுத இன்று கை வரவில்லை.

28 ஜூலை
மைதானம். கூடாரம். தூக்கமில்லை.

31 ஜூலை
வீட்டு மழைத்தொட்டி பிளந்துவிட்டது. தண்ணீர் வெளியிலிருந்து வருகிறது. வானத்தைப் பார்த்து, பெய்யாதே என்கிறேன். குடத்தைப் பார்த்து, பெய் என்கிறேன்.

2 ஆகஸ்ட்
பக்கத்துக் கூடாரத்துப் பையன்கள் ஒவ்வொரு அதிர்வுக்கும் அளவு சொல்லிப் பந்தயம் கட்டுகிறார்கள். "மூணு!" "போடா, நாலு!" காலையில் எரிச்சலாக இருந்தது, அதட்டக்கூடச் செய்தேன். சாயங்காலம் நானும் ஒன்று சொன்னேன். தோற்றேன்.

5 ஆகஸ்ட்
லோலாவின் பேரன் சொல்கிறான்: பலகையும் தகரமும் போதும், மேலே விழுந்தாலும் சாகமாட்டோம்.

லோலா ஒரே ஒரு வார்த்தை கேட்டார்: "செப்டம்பரில்?"

அவன் பதில் சொல்லவில்லை. கூடாரக் கயிற்றை அவிழ்த்து, இன்னும் இறுக்கிக் கட்டினான். காற்று சும்மா வீசியதற்கே துணி படபடத்தது.

மதியம் லோலாவைக் காணோம். தேடிப்போனால் இடிபாட்டில் நிற்கிறார். பெரிய கல் ஒருபுறம், சின்னது ஒருபுறம், சுண்ணாம்பைச் சுரண்டிச் சுரண்டி. எதற்கு என்று கேட்டேன். காதில் விழாதவர்போல, "அந்த மூலைக்கல்லைத் தூக்கு" என்றார். என்னால் அசைக்க முடியவில்லை. யாரும் கூப்பிடாமலே இரண்டு பேர் வந்து தூக்கினார்கள். அதில் ஒருவர் தன் வீட்டில் ஆளை இழந்தவர். ஊர் கூடிச் செய்யும் வேலைக்கு இவர்கள் மொழியில் 'யாரு' என்று பெயராம். நான் சிரித்ததை எப்படி விளக்க? எங்கள் மொழியில் அது கேள்வி என்று மட்டும் சொன்னேன்.

பேரன் வரவில்லை. தூரத்தில் நின்று பார்த்தான்.

6 ஆகஸ்ட்
கடல் அடங்கவில்லை. இன்றும் ஃபலுவா இல்லை. மூலைக்கல் பன்னிரண்டு சேர்ந்திருக்கிறது.