ஒரு ஜோடி பூட்ஸ் தேவை!

கம்பம் பள்ளத்தாக்கில் பூட்ஸ் போட்டு நடக்கிறவர்கள் மூன்றே வகை. ஒன்று போலீஸ். இரண்டு ஃபாரஸ்ட்காரர்கள். மூன்றாவது, விடிவதற்கு முன்னால் கம்பத்திலும் போடியிலும் ஜீப்பில் புளிமூட்டையாக அடைந்து மலைக்குப் போகிறார்களே, அந்த ஏலத் தோட்டத்துப் பெண்கள். அவர்கள் போடுவது ரப்பர் பூட்ஸ். அட்டைக் கடிக்காக! இந்த மூன்றிலும் சேராத ஒரு ஆசாமி பூட்ஸ் மாட்டிக்கொண்டு உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டில் நின்றால் ஊர் சும்மா விடுமா? "என்ன சார், எங்க ரெய்டு?" என்று கேட்டுவிட்டுத்தான் டீயையே கையில் கொடுப்பார்கள்.

என்னை நான்காவது வகையாக்கியது என் குதிகால். காலையில் படுக்கையை விட்டு இறங்கி முதல் அடி வைத்தால் ஆணி மேல் நிற்பது போல் ஒரு வலி. டாக்டர் பார்த்தார். காலை அல்ல, என் செருப்பை! "இதைத் தூக்கிப் போடுங்க. குதிகாலை அசையவிடாமப் பிடிக்கிற மாதிரி, கணுக்கால் வரைக்கும் வர்ற தோல் ஷூவா வாங்குங்க. தினமும் போடணும்" என்றார்.

வீட்டில் சொன்னேன்.

"ஏங்க, இந்த வெயிலுக்குப் பூட்ஸா? சாயங்காலம் கழட்டும்போது கால் அவியலா வெளியே வரும்!"

அங்கேதான் விஷயம் இருக்கிறது. அவிவது ரெக்ஸினுக்குள். நிஜத் தோலுக்குள் கால் அத்தனை அவியாது. தோல் வியர்வையை உறிஞ்சும், மெதுவாக வெளியே விடும். ஒரு காலத்தில் அதுவும் ஒரு உடம்பை மூடிக்கொண்டிருந்த சமாசாரம்தானே!

பேப்பரில் ஒரு கணக்கும் போட்டுக் காட்டினேன். எட்டு மாதத்துக்கு ஒரு செருப்பு, 600 ரூபாய் வீதம் ஆறு வருஷத்துக்கு ஒன்பது ஜோடி. 5,400 ரூபாய். அந்த ஒன்பது ஜோடியும் எங்கே போகின்றன என்று பார்க்க வேண்டுமானால் முல்லைப் பெரியாற்றில் தண்ணீர் வற்றும்போது படித்துறைப் பக்கம் எட்டிப் பாருங்கள். மீனைவிடச் செருப்பு ஜாஸ்தி. ரப்பரும் பிளாஸ்டிக்கும் நம் பேரன் காலத்திலும் அங்கேயே கிடக்கும்.

கணக்கைப் பார்த்த என் மனைவி, "சரி, ஆறு வருஷம் உழைக்கும்னு கடைக்காரன் எழுதிக் குடுப்பானா?" என்றாள். அவள் கேள்விகள் எப்போதும் இப்படித்தான்.

தேனிக்குப் போய்க் கடை கடையாக ஏறினேன். எங்கே போனாலும் ஒரே மந்திரம். "பியூர் லெதர் சார்!" ஒரு பையன் பாக்கெட்டிலிருந்து லைட்டரை எடுத்து ஷூவின் மேல் தீயைக் காட்டி, "பாருங்க சார், உருகலை!" என்றான். இந்த வித்தையில் மயங்காதீர்கள். தோலை இரண்டு மூன்று அடுக்காக உரிப்பார்கள். மேலடுக்குதான் பலம். பலம் குறைந்த அடியடுக்கை எடுத்து அதன்மேல் பிளாஸ்டிக் பூச்சுப் பூசி, ரோமக்கால் மாதிரி அச்சுக் குத்தி விற்றாலும் அதுவும் லெதர் என்ற பெயரில்தான் வரும். தோலின் வெட்டு விளிம்பைப் பாருங்கள். நார் நாராக இருந்தால் தோல். உள்ளே துணி தெரிந்தால் துணி. கட்டை விரலால் அழுத்தினால் பொடிப்பொடியாகச் சுருக்கம் விழ வேண்டும். புள்ளிகள் எல்லாம் அளந்து வைத்த மாதிரி ஒரே சீராக இருந்தால் அது மாட்டின் கைவேலை இல்லை, மெஷினின் கைவேலை.

அதைவிட முக்கியம் அடிப்பாகம். பெரும்பாலும் பசை போட்டு ஒட்டுகிறார்கள். சிலவற்றில் சுற்றிலும் அழகாகத் தையல் தெரியும். நகத்தால் கீறிப் பார்த்தேன். தையல் இல்லை, ரப்பரிலேயே வார்த்த தையல் படம்! மெத்தென்று இருக்கிறதே, அந்த நுரை சோல் இன்னும் மோசம். காற்றில் இருக்கும் ஈரம் பட்டே நாளாவட்டத்தில் தானாகப் பொடிந்துவிடும், போட்டாலும் போடாவிட்டாலும். என் மச்சினன் கல்யாணத்துக்கு வாங்கிய ஷூவைப் பீரோவில் பூட்டிப் பாதுகாத்து, நாலு வருஷம் கழித்துப் பெரியகுளத்தில் ஒரு வரவேற்புக்கு மாட்டிக்கொண்டு வந்தான். மண்டப வாசலிலிருந்து மேடை வரை வழியெல்லாம் புட்டு உதிர்த்துக்கொண்டே போனான்!

நல்ல பூட்ஸில் மேல் தோலுக்கும் அடி சோலுக்கும் நடுவே ஒரு தோல் வாரை வைத்துச் சுற்றித் தைத்திருப்பார்கள். குட்இயர் வெல்ட் என்று பெயர். டயர் கம்பெனி தன் பெயராக வைத்துக்கொண்டதே, அந்த ரப்பர் விஞ்ஞானி சார்லஸ் குட்இயர், அவருடைய மகன் 19-ம் நூற்றாண்டில் கொண்டுவந்த மெஷின் தையல். இதன் மகிமை, சோல் தேய்ந்தால் தையலைப் பிரித்து வேறு சோல் வைத்துத் தைக்கலாம். மேலே இருக்கிற தோல் அப்படியே இருக்கும்.

யார் தைப்பது? அதற்குத்தான் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன்.

எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்ட் ஓரம் ஒரு கிழிந்த குடையின் கீழ் ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். எதிரே ஒரு இரும்புக்கட்டை, தோல் அறுக்கிற கத்தி, மெழுகு தடவிய நூல், குத்தூசி. நான் செல்போனில் எடுத்து வந்த நாலு பூட்ஸ் போட்டோக்களைக் காட்டி, "அண்ணே, இதில் எது நல்ல தோல்?" என்றேன்.

"போட்டோவை மோந்து பாக்க முடியுமா சார்?" என்றார்.

அப்புறம் அவரே இரக்கப்பட்டுப் பேச ஆரம்பித்தார். பம்புசெட் வருவதற்கு முன்னால் கமலைக் கிணற்றுக்குத் தோல் தைத்துக் கொடுத்தவர் அவருடைய அப்பா. கூலி கிடையாது, அறுப்புக்கு அறுப்பு நெல். சுண்ணாம்பில் ஊறப்போட்டு முடி எடுத்து, ஆவாரம்பட்டைத் தண்ணீரில் நாள் கணக்காக ஊறவைத்து, கடுக்காய் போட்டு முடிப்பார்களாம். "அந்தத் தோல் போட்டவன் கால் மாதிரியே ஆயிரும் சார். அண்ணன் செருப்பைத் தம்பி போட முடியாது" என்றார்.

ஆவாரம்பட்டைத் தோல் லேசுப்பட்டதல்ல. ஈஸ்ட் இந்தியா லெதர் என்று லண்டன் மார்க்கெட்டில் பேர் வாங்கியது நம் தமிழ்நாட்டுச் சரக்கு. அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. திண்டுக்கல், திருச்சி, ஈரோடு, வாணியம்பாடி, ஆம்பூர் என்று ஊர் ஊராகத் தோல் ஷாப்புகள். நமக்கு மேலே பழனி மலையில், கொடைக்கானல் பக்கம் மண்டிக்கிடக்கிற வாட்டில் மரம்கூட, தோல் பதனிடப் பட்டை வேண்டும் என்று கொண்டுவந்து நட்டதுதான். பட்டைக்கு வந்த மரம் இன்று புல்வெளிகளை விழுங்கிக்கொண்டிருப்பது வேறு கதை.

பிறகு குரோம் வந்தது. பட்டையில் வாரக்கணக்கில் ஊறும் தோல் குரோம் உப்பில் ஒரே நாளில் பதமாகும். சென்னைக் குரோம்பேட்டைக்குப் பெயர் வந்ததே ஒரு குரோம் லெதர் கம்பெனியால்தான். 1973-ல் மத்திய அரசு, அரைகுறையாகப் பதனிட்ட தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டு, முழுசாக முடித்த சரக்கையும் ஷூவையும் அனுப்பச் சொன்னது. குரோம் பெருகியது. கிணறுகள் கெட்டன. 28.8.1996 அன்று சுப்ரீம் கோர்ட் பாலாற்று வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது, கெடுத்தவனே செலவைக் கொடுக்க வேண்டும் என்றது. வட ஆற்காட்டோடு திண்டுக்கல், ஈரோடு, திருச்சி, செங்கல்பட்டு தோல் ஷாப்புகளுக்கும் சேர்த்துத் தலைக்குப் பத்தாயிரம் அபராதம். அதனால் பட்டைத் தோல் என்றால் பரம சுத்தம் என்று யாராவது சொன்னால் பாதிதான் நம்ப வேண்டும். தோல் அழுகாமல் இருக்கப் போடுகிற சாதா உப்பு இருக்கிறதே, அது பட்டை ஷாப்பிலும் உண்டு, குரோம் ஷாப்பிலும் உண்டு. அதுவே ஒரு ஊர்க் கிணற்றுக்குப் போதும். ஒரு ஜோடியை வாங்கி ரொம்ப நாள் போடுவது ஒன்றுதான் நம் கையில் இருக்கிற பரிகாரம்.

இதையெல்லாம் நான் உற்சாகமாகச் சொல்லி, "அண்ணே, உங்க அப்பா காலத்துச் செருப்பு மாதிரி வருமா!" என்று முடித்தேன்.

பெரியவர் நூலுக்கு மெழுகு தடவிக்கொண்டே, "நல்லாத்தான் இருக்கும் சார். எங்கப்பா தச்ச செருப்பை மாட்டிக்கிட்டு எங்கப்பாவே நடக்க முடியாத தெரு இருந்துச்சு. கக்கத்துல வச்சுக்கிட்டுப் போவாரு" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் டைம் சொல்வது போலச் சொன்னார்.

பழங்கதை என்று தள்ள முடியாது. 2023 டிசம்பரில் திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் பக்கம் ராஜாவூரில் அருந்ததியர் சுமார் அறுபது பேர் காலில் செருப்போடு ஒரு தெருவில் நடந்தார்கள். அது பேப்பரில் செய்தி! தெருவில் நடந்தது செய்தி. ஊருக்கே செருப்புத் தைத்துக் கொடுத்த ஜனங்கள்.

அவருடைய பையன் டிகிரி முடித்துவிட்டுச் சர்க்கார் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறான். 2009-ல் வந்த மூன்று சதவிகித உள் ஒதுக்கீட்டை 2024 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டும் செல்லும் என்று சொன்னதை அவர்தான் எனக்கு நினைவுபடுத்தினார். "அவன் இந்தக் கட்டையைத் தொட மாட்டான் சார். நானும் தொட விட மாட்டேன்."

மகளை ஆம்பூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறார். அவள் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறாள்.

"அப்ப உங்க தொழில்தானே?"

"எங்க சார்? அவ நாக்கு மட்டுந்தான் தைப்பா. ஷூவோட நாக்கு. நாலு வருஷமா நாக்குத்தான். முழு ஷூ எப்படி இருக்கும்னு கேட்டா, பெட்டியில போட்டு அனுப்பும்போது பாத்திருக்கேன்னு சொல்றா." பெரியவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதுவும் தேவலை. மாசம் பொறந்தாச் சம்பளம். பி.எஃப். இருக்கு. யாரும் ஏ, இங்க வான்னு கூப்பிடுறதில்லை."

நான் நல்ல பூட்ஸ் தேடி வந்தவன். ஆறு வருஷம் உழைக்கிற பூட்ஸ் வேண்டுமென்றால், ஆறு வருஷமும் ஒருவர் அந்தக் குடையின் கீழ் உட்கார்ந்திருக்க வேண்டும். அவரோ எழுந்து போகத் துடிக்கிறார். எழுந்து போவதுதான் நியாயம். என் குதிகாலுக்காக அவர் பிள்ளை அங்கே வந்து உட்கார வேண்டும் என்று யார் சொல்ல முடியும்?

மதுரைக்குப் போய் வாங்கினேன். 4,800 ரூபாய். கயிறு வைத்ததா, பக்கவாட்டில் எலாஸ்டிக் வைத்ததா என்று அங்கே ஒரு குழப்பம். கயிறுதான் காலைக் கச்சிதமாகப் பிடிக்கும். ஆனால், நம் ஊரில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கழற்ற வேண்டும்! வீடு, கோயில், சொந்தக்காரர் வீடு, சில டாக்டர்கள் ரூம். ஒவ்வொரு தடவையும் குனிந்து முடிச்சு அவிழ்த்தால் குதிகால் வலி இடுப்புக்கு வந்துவிடும். எலாஸ்டிக்கையே எடுத்தேன். ஓரத்தில் நிஜத் தையல் இருக்கிறதா என்று நகத்தால் கீறிப் பார்த்த பிறகுதான் பணத்தைக் கொடுத்தேன்.

நேரே பெரியவரிடம் கொண்டுபோனேன். ஒன்றை வாங்கி முகர்ந்தார், வளைத்தார், அடியில் இரண்டு தட்டுத் தட்டினார். "தோல் நல்ல தோல். எலாஸ்டிக்தான் மொதல்ல சாகும். அது போனா வேற வச்சுத் தைக்கலாம்" என்றார். புது சோலின் மேலேயே மெல்லிய ரப்பர் ஒன்றை ஒட்டி ஓரம் தைத்தார். அதுதான் தேயுமாம், சோல் தப்பிக்குமாம். நனைந்தால் அடுப்புப் பக்கமோ வெயிலிலோ வைக்கக் கூடாது, பேப்பரை உள்ளே திணித்து நிழலில் காயப்போட வேண்டும். மாதம் ஒரு தடவை விளக்கெண்ணெய், அதுவும் துணியில் தொட்டு லேசாக. ஒரே ஜோடியைத் தினமும் போடாமல் வாரத்தில் ஒரு நாளாவது அதற்கு லீவு. "நமக்கு மட்டுந்தான் ஞாயித்துக்கெழமையா சார்?"

"அடுத்த சோல் எப்ப மாத்தணும்?"

"மூணு வருசம் ஆகும். அதுக்குள்ள பையனுக்கு வேலை வந்துரும், நான் கடையை எடுத்துருவேன்."

"அப்புறம் நான் எங்கே போறது?"

பெரியவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பெட்டிக்குள் துழாவி, மரப்பிடி தேய்ந்து வழவழவென்றிருந்த ஒரு குத்தூசியை எடுத்து நீட்டினார்.

"நீங்க கத்துக்கங்க சார். ஒண்ணும் கஷ்டமில்லை."

வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் அம்மா அதை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இதையெல்லாம் எதுக்குடா வீட்டுக்குள்ள?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. ஸ்க்ரூ டிரைவர், சுத்தியலோடு சேர்த்து டூல்ஸ் டப்பாவில் வைத்திருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, அறுந்துபோன ஒரு ஸ்கூல் பை வாரில் ஆரம்பித்தேன். மூன்றாவது தையலில் ரத்தம். "முறுக்கி இறக்கணும் சார், குத்தக் கூடாது" என்றார். பஸ்ஸிலிருந்து இறங்கிய நாலு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அதில் ஒருத்தர் எனக்குத் தூரத்துச் சொந்தம்.