கண்ணை மூடிக்கொண்டு எழுதியவர்

விக்ரோலி கன்னம்வார் நகரில் நாங்கள் குடியிருந்த வீட்டில் ஓர் அறை, ஒரு சமையலறை. அதில் நாலு பேர். அப்பா காலமான பிறகு செங்கோட்டையிலிருந்து அம்மா வந்து ஐந்தாவது ஆளாகச் சேர்ந்துகொண்டாள். மராத்தி தெரியாது, இந்தி தெரியாது. பகலெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பாள். இரவில் எல்லோரும் படுத்த பின் சமையலறை விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். “லைட்டை அணைச்சிட்டுப் படும்மா, காலையில அஞ்சரைக்கு எந்திரிக்கணும்” என்று நான் படுத்தபடியே குரல் கொடுப்பேன். தூக்கம் வராத வயசு என்று நினைத்துக்கொள்வேன்.

எதிர் வீட்டில் ஒரு மலையாள டீச்சர் இருந்தார். ஓய்வு பெற்றவர். ஒரு நாள் சர்க்கரை வாங்க வந்தவர் கையில் இருந்த புத்தகத்தை மேஜையில் வைத்தார். அம்மா அதை எடுத்து எழுத்துக் கூட்டி வாசித்தாள்: “ல-ளி-தாம்-பி-கா அந்-தர்-ஜ-னம்.” எனக்கு வாய் அடைத்துப்போயிற்று. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்க்காரர்களின் ஊர். அம்மா படித்த பள்ளிக்கூடத்தில் மலையாளமும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இத்தனை வருஷத்தில் அவள் அதைப் பற்றி மூச்சு விட்டதில்லை.

அந்த எழுத்தாளர் பிறந்தது புனலூருக்குப் பக்கத்தில் கோட்டவட்டம் என்று டீச்சர் சொன்னதும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். “புனலூரா? ரயிலேறினா ஆரியங்காவு தாண்டி, மலைக்கு அந்தப் பக்கம்தான!” அன்றிலிருந்து பிற்பகல்களில் வாசிப்பு நடந்தது. டீச்சர் மலையாளத்தில் படித்து, பாதித் தமிழில் விளக்குவார்.

லலிதாம்பிகா 1909 மார்ச் 30 அன்று ஒரு நம்பூதிரி இல்லத்தில் பிறந்தார். ‘அந்தர்ஜனம்’ என்பது அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் அல்ல. நம்பூதிரிப் பெண்கள் எல்லோருக்கும் அதுதான் பெயர். உள்ளே இருக்கும் ஜனம் என்று பொருள். வயதுக்கு வந்துவிட்டால் அந்நிய ஆண் முகம் பார்க்கக் கூடாது. வெளியே போனால் உடம்பைப் போர்த்திக்கொண்டு, ஓலைக்குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு, துணைக்கு ஒரு பணிப்பெண்ணோடு போக வேண்டும். வீட்டின் மூத்த மகன் மட்டுமே சொந்த ஜாதியில் கல்யாணம் செய்துகொள்வான். ஆகவே கிழவருக்கு மூன்றாம், நாலாம் மனைவியாகப் போகும் சிறுமிகளும், கல்யாணமே ஆகாமல் நரைத்துப்போகும் பெண்களும் ஏராளம்.

பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்று கேட்டதும் அவருடைய அப்பா, மதராஸுக்குப் போய்க் கிறிஸ்தவராகி ஒரு வெள்ளைக்காரியைக் கட்டிக்கொள்ளப் போவதாகக் கத்தினாராம். தன் வரலாற்றில் லலிதாம்பிகாவே எழுதியிருக்கிறார். கேட்கிறவர்கள் அவரைக் கொடுமைக்காரர் என்று நினைப்பார்கள். விஷயம் நேர்மாறானது. இந்த ஜாதியில் பிறந்த பெண்ணை மனுஷியாக வளர்க்க முடியாதே என்ற ஆத்திரம் அது. அவர் திருவிதாங்கூர் பிரஜா சபையில் உறுப்பினர். வீட்டுக்குப் பத்திரிகைகளும் புத்தகங்களும் வரும். மகள் வீட்டிலேயே படித்தாள். தாகூரின் ‘வீடும் வெளியும்’ நாவலை மலையாளத்தில் படித்ததுதான் அவரை எழுதத் தூண்டியது. (எங்கள் பேட்டைக்கு அடுத்ததே தாகூர் நகர். தினமும் அதைத் தாண்டித்தான் போய் வந்தேன். அவர் எழுதிய ஒரு வரியும் நான் படித்ததில்லை.)

பிறகு கல்யாணம். கணவர் நாராயணன் நம்பூதிரி, ராமபுரத்தில் விவசாயி. மனைவி குடையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பொதுக்கூட்டத்துக்கு வந்தபோது உடன் நின்றவர் அவர்தான். அதற்காக அவர் குடும்பம் சமையலறையிலிருந்து விடுபட்டுவிடவில்லை. விடியற்காலையில் தொடங்கும் வேலை, அடுப்புப் புகை, முற்றத்து ஈரம், வரிசையாகப் பிள்ளைகள். இரவில் எல்லோரும் தூங்கிய பிறகு சின்ன விளக்கு வெளிச்சத்தில்தான் எழுத்து. கண் வலி தாங்க முடியாதபோது கண்ணை மூடிக்கொண்டே எழுதுவாராம்.

டீச்சர் இதைப் படித்ததும் அம்மா கேட்டாள்: “அந்த அம்மா எழுதறப்ப பிள்ளைகள யாரு பாத்துக்கிட்டா?” டீச்சரிடம் பதில் இல்லை.

அவர் எழுதிய சிறுகதைகளில் பெயர்பெற்றது 1938ல் வந்த ‘பிரதிகார தேவதை’. 1905ல் கொச்சி ராஜ்யத்தில் குறியேடத்துத் தாத்ரி என்ற நம்பூதிரிப் பெண் நடத்தை கெட்டவள் என்று விசாரிக்கப்பட்டாள். அவள் தன்னோடு உறவுகொண்ட அறுபதுக்கும் மேற்பட்ட ஆண்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். அந்தப் பெயரை வீட்டில் உச்சரிக்கவே கூடாது என்றிருந்த காலத்தில், தாத்ரி நள்ளிரவில் எழுத்தாளர் முன் தோன்றித் தன் கதையைத் தானே சொல்வதாக லலிதாம்பிகா எழுதினார்.

“அந்த ஆம்பளைகளுக்கு என்ன தண்டனை?” என்றாள் அம்மா.

“அவங்களையும் ஜாதியை விட்டுத் தள்ளியாச்சு, சேச்சி.”

“அப்ப கெட்டிக்காரிதான்.”

‘அக்னிசாட்சி’ வந்தது 1976ல். ஆசிரியருக்கு அப்போது 67 வயது. அவர் எழுதிய ஒரே நாவல். சாகித்ய அகாதமி, வயலார் என்று விருதுகள் குவிந்தன. 1999ல் சியாமபிரசாத் படமாகவும் எடுத்தார். என்னைக் கேட்டால் சிறுகதைகள்தான் ஒசத்தி என்பேன். நாவலில் கங்கைக்கரையும் துறவும் வந்துவிடுகின்றன. கதைகளில் இல்லத்தின் இருட்டு மூலையும், கிணற்றடியும், யார் கண்ணிலும் படாமல் அழும் விதவையும் இருக்கிறார்கள். வெளியேயிருந்து அனுதாபத்தோடு எட்டிப் பார்த்தவர் எழுதக் கூடியவை அல்ல அவை. புகைக்குள்ளேயே நின்றவருக்குத்தான் தெரியும்.

ஒரு நாள் வாசிப்பு முடிந்து டீச்சர் போன பிறகு, அரிசி புடைத்தபடியே அம்மா சொன்னாள்: “நானும் எழுதிக்கிட்டிருந்தேன்ளா. கல்யாணமாகி ஒரு வருசம்.”

அப்பா வீட்டில் எண்ணெய்க் கடை வைத்திருந்தார்கள். பழைய கணக்கு நோட்டின் பின்பக்கங்களில் எழுதியிருக்கிறாள். யாராவது திட்டினார்களா, கிழித்துப்போட்டார்களா என்று கேட்டேன். எனக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டது.

“அதெல்லாம் ஒண்ணுமில்ல. ஒரு வார்த்தை சொல்லல. எட்டு மணிக்கு விளக்க எடுத்து உள்ள வச்சிருவாக. எண்ணெ வீணாகுதுல்லா.”

எண்ணெய்க் கடை வைத்திருந்த வீட்டில்!

லலிதாம்பிகாவின் கணவரைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். மனைவிக்காக அவர் எதையெல்லாம் செய்தார் என்பதைவிட, விளக்கை எடுத்து உள்ளே வைக்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிதாகப்படுகிறது. அதை யோசிக்கும்போதே, படுத்தபடி இருட்டில் நான் கொடுத்த குரலும் காதில் விழும்.

மறுநாள் ஸ்டேஷன் ரோட்டில் ஒரு நீள நோட்டு வாங்கி வந்து சமையலறை அலமாரியில் வைத்தேன். அவளிடம் எதுவும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. இரவு விளக்கு எரிந்தது. முதல் ஷிப்டுக்குப் போகும் என் கணவர் கண்ணில் வெளிச்சம் படாமலிருக்கக் கதவிடுக்கில் ஒரு பழைய புடவையைத் தொங்கவிட்டேன்.

அம்மா போய்ப் பல வருஷமாகிவிட்டது. இரண்டரை நோட்டுகள் என்னிடம் இருக்கின்றன. எல்லாம் நல்ல கதைகள் என்று சொல்ல மாட்டேன். ஆரியங்காவு ரயிலில் கருப்பட்டி விற்கும் கிழவியின் கதை நன்றாகவே இருக்கிறது. இன்னொன்றில், ராத்திரி விளக்கை அணைக்கச் சொல்லும் மகள் ஒருத்தி வருகிறாள். அவளுக்கு என்ன அசதி, எத்தனை மணி ரயிலைப் பிடிக்க ஓடுகிறாள் என்று அம்மா ஒரு பக்கத்துக்கு எழுதியிருக்கிறாள்.