டான்யூப் கரையில் சைக்கிள் யாத்திரை

ஐரோப்பாவில் முதன்முதலாகச் சைக்கிள் யாத்திரை செய்ய விரும்புவோர் பலர் ஆல்ப்ஸ் மலையின் படத்தைப் பார்த்து மயங்கிவிடுகிறார்கள். முதல் கணவாயிலேயே அந்த மயக்கம் தெளிந்துவிடும். யாத்திரை மோகமும் கூடவே தெளிந்துவிடுவதுதான் விசனம். ஹாலந்து சமதரைதானே என்பீர்கள். வாஸ்தவம், ஆனால் அங்கே எதிர்க்காற்றே ஒரு மலை!

நான் சொல்வது டான்யூப் நதிக்கரை. ஜெர்மனியின் பாஸௌ நகரிலிருந்து ஆஸ்திரியாவின் வியன்னா வரை சுமார் 320 கிலோமீட்டர். நதி ஓடும் திசையிலேயே போவதால் பாதை பெரும்பாலும் சமமாகவோ லேசான இறக்கமாகவோ இருக்கும். மேல்காற்றும் அநேகமாக முதுகில்தான் வீசும். ஒரு வாரம் தாராளமாய்ப் போதும். களைத்துவிட்டால் சைக்கிளோடு ரயிலேறிவிடலாம். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

ஓரிடத்தில் மட்டும் பாதையை விட்டு மேடேறச் சொல்வேன். மௌத்தௌஸன் ஊருக்கு மேலே, 1938 முதல் 1945 வரை நாஜிகள் நடத்திய வதை முகாம் நினைவிடமாகப் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. கைதிகள் கருங்கல் சுமந்து ஏறிய 186 படிகள் அங்கேதான். அன்று மேற்கொண்டு வெகுதூரம் மிதிக்க மனம் வராது. ஆகையால் பக்கத்திலேயே இராத் தங்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

பிறகு மெல்க் மடாலயம் தென்படும். அங்கிருந்து கிரெம்ஸ் வரை வாஹௌ பள்ளத்தாக்கு. சரிவெல்லாம் திராட்சைக் கொடிகள், ஆற்றோரமெல்லாம் ஆப்ரிகாட் மரங்கள். ஜூலை மத்தியில் போனால் பழம் கனிந்திருக்கும். சுமார் 35 கிலோமீட்டர்தான். ஆயினும் ஒரு முழு நாளை அதற்கே கொடுத்துவிடுங்கள்.