மீன் பொரிக்க ஒரு கல்

வாடகை வீட்டில் மீன் சமைக்கக் கூடாது என்பது மதுரையில் புதிய நிபந்தனை அன்று. முன்பணம், தண்ணீர் வரும் நேரம் ஆகியவற்றோடு அதுவும் வாய்மொழியாகச் சொல்லப்பட்டுவிடும். எங்கள் வீட்டு உரிமையாளர் கனிவான மனிதர்தான். என் தாயாருக்கு நள்ளிரவில் மூச்சிரைத்தபோது ஆட்டோ பிடித்து வந்தவர் அவர். ஆனாலும் மீன் வாடை மாடிப்படி ஏறக் கூடாது. மேலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் குரவையும் கெண்டையும் தின்று வளர்ந்த அம்மாவுக்கோ எழுபது வயதுக்கு மேல் உணவகத்து மீன் ஒத்துக்கொள்ளவில்லை. எனவே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சட்டியைத் தூக்கிக்கொண்டு நாங்களே மீன் இருக்கும் இடத்துக்குப் போய்விடுகிறோம்.

இடம் என்றால் மலை அன்று. அழகர்மலையும் சிறுமலையும் கூப்பிடு தூரத்தில் இருந்தாலும், காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவது 1882ஆம் ஆண்டின் வனச்சட்டப்படியே குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ 23 உயிர்களைக் கொண்டுபோன பிறகு, அந்தச் சட்டம் எதற்கு என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. எங்களுக்கு வாய்த்தது கண்மாய்க் கரைதான். மீன்பாசி குத்தகை எடுத்தவர்கள் வலை இழுக்கும் நாளில் கரையிலேயே விலைக்கு வாங்கலாம். கோடையில் நீர் வற்றிக் கணுக்கால் அளவுக்கு வந்ததும் ஊர் கூடி மீன்பிடித் திருவிழா நடத்தும் கண்மாய்களும் உண்டு. ஊத்தாவும் கச்சாவுமாக ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் சேற்றில் இறங்குவார்கள். பங்குனி வெயிலில் பிடித்த மீனைச் சாக்கில் கட்டி நகரம் வரை கொண்டுவந்தால் பாதி கெட்டுவிடும். அங்கேயே பொரித்துவிடுவதுதான் முறை.

பொரிக்கத்தான் வேண்டுமா, சுட்டால் ஆகாதா என்று ஒரு நண்பர் கேட்டார். பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்பில் பாணனுக்குக் கிடைப்பது சுட்ட மீன்தானே என்பது அவர் வாதம். விராலைச் சுடலாம், கெண்டையை முடியாது. கெண்டையின் சதைக்குள் மயிரிழை போன்ற முட்கள் பின்னிக் கிடக்கும். நெருக்கமாகக் கீறல் போட்டு எண்ணெயில் நன்றாகப் பொரித்தால் மட்டுமே அவை முறுகி நொறுங்கி, வயதானவர்கள் அச்சமின்றி விழுங்கும்படி ஆகும். ஆகவே சட்டி வேண்டும். அதுவும் ஸ்கூட்டரில் அம்மாவின் காலடியில் வைக்கிற பைக்குள் அடங்குவதாக வேண்டும்.

கடலூர் நண்பரின் மகன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த டைட்டானியச் சட்டி ஒன்றை இரவல் வாங்கிப் பார்த்தேன். மலையேறுவோருக்கென்றே செய்தது. மடக்கும் கைப்பிடி, கையில் எடுத்தால் காகிதக் கனம். ஆனால் டைட்டானியம் வெப்பத்தைக் கடத்துவது அலுமினியத்தின் பத்தில் ஒரு பங்கு அளவே. சீமைக்கருவேல விறகின் தழல் எந்த இடத்தில் படுகிறதோ அந்த இடம் கருகும். விளிம்பில் இருக்கும் மீன் வெளிறிக் கிடக்கும். வெந்நீர் வைக்க அது உத்தமமான பாத்திரம். ஒட்டாத பூச்சுள்ள சட்டியின் கதை வேறு. அந்தப் பூச்சு 260 பாகை செல்சியஸுக்கு மேல் தாங்காது. கருவேலந்தணலுக்கு அந்த எல்லையெல்லாம் தெரியாது. வெறும் சட்டியை அதில் வைத்துவிட்டு மீனுக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தால் சில நிமிடங்களில் எல்லையைத் தாண்டிவிடும். (சீமைக்கருவேலத்தை அகற்றும்படி உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2017 வாக்கில் உத்தரவிட்டதை நினைவில் வைத்திருப்பீர்கள். மரம் இன்னும் கண்மாய்க்குள்தான் நிற்கிறது.)

அலுமினியத்தைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். 22 செ.மீ. அகலமும் சற்றே உயர்ந்த விளிம்புமுள்ள சட்டியை 2 மி.மீ. இரும்புத் தகட்டில் செய்தால் ஏறக்குறைய 800 கிராம் வரும். அதையே 3 மி.மீ. அலுமினியத்தில் செய்தால் 400 கிராம் சொச்சம்தான். ஆனால் இரண்டும் தேக்கிவைக்கும் வெப்பம் கிட்டத்தட்ட ஒன்றே, ஏனென்றால் எடைக்கு எடை அலுமினியம் இரும்பைப் போல் இரு மடங்கு வெப்பத்தை ஏற்கும். கணக்கில் இரும்பு தோற்றுவிடுகிறது. ஆயினும் நான் இரும்பைத்தான் தேர்ந்தேன். அதற்குக் காரணம் சமையலில் இல்லை, சமைத்து முடித்த பின் வருவதில் இருக்கிறது.

பொரித்த சட்டி வீட்டுக்குத் திரும்ப வேண்டும். எண்ணெய் ஏறிப் பழகிய இரும்பில் மீன் வாடை தங்கும் என்பது உண்மைதான். கண்மாய் மணலால் தேய்த்தாலும் போகாது. ஆனால் தேய்த்துக் கழுவிய சட்டியை மறுபடி தணலில் வெறுமனே வைத்துவிட்டால், முதலில் மீன் மணம் எழும், பிறகு கசப்பான புகை, பிறகு புகையும் நின்றுபோகும். எஞ்சிய கொழுப்பில் கொஞ்சம் எரிந்துவிடும். மிச்சம் இறுகிக் கருப்புப் படலமாக உலோகத்தோடு ஒன்றிவிடும். அடுத்த முறை மீன் ஒட்டாமல் காப்பது அந்தப் படலமே. ஆறியபின் முகர்ந்தால் இரும்பு மணம் மட்டும்தான். பூச்சுச் சட்டியை இப்படி எரிக்க முடியாது. அலுமினியத்தை எரித்தால் நெளியும். வார்ப்பிரும்பு எரிப்பதைத் தாங்கும், ஆனால் கனம் அதிகம், பாறையில் விழுந்தால் விரிசல் விடும். அடித்துச் செய்த தகட்டிரும்பு விழுந்தால் ஓசை மட்டும்தான் எழுப்பும்.

கைப்பிடி பற்றி வெளிநாட்டு நிறுவனங்கள் எத்தனையோ யோசித்திருக்கின்றன. மடக்குவது, கழற்றுவது, திருகி மாட்டுவது என்று. நம் அடுக்களையில் அதற்கான விடை ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. இடுக்கிதான். பிடியே இல்லாத, விளிம்பு விரல்கனம் மேலெழுந்த இரும்புக் கல்லை வாரச் சந்தையில் இரும்புச் சாமான் விற்பவரிடம் வாங்கினேன். தட்டு போலத் தட்டையாக இருப்பதால் பையின் முதுகோடு ஒட்டி நிற்கிறது. வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: விளிம்பு வெளிப்புறமாகச் சற்று விரிந்திருக்க வேண்டும், நெட்டுக்குத்தாக இருந்தால் தோசைக்கரண்டியை மீனுக்கடியில் செலுத்த முடியாது. இடுக்கி கவ்வுகிறதா என்று கடையிலேயே பார்த்துவிட வேண்டும். கடைக்கு இடுக்கியோடு போனேன். விற்ற அம்மாள் சிரித்தார், பிறகு தானே நாலைந்து கல்லைக் கவ்விப் பார்த்து எடுத்துக் கொடுத்தார்.

மற்றதெல்லாம் கைப்பழக்கம். கல் காய்ந்து எண்ணெய் மெல்லிதாகப் புகையும்வரை மீனைப் போடக் கூடாது; போட்டபின் அது தானாக விடும்வரை புரட்டவும் கூடாது. திரும்பும் முன் ஒரு துளி கடலெண்ணெய் தடவிச் செய்தித்தாளில் சுற்றிவிட்டால் துருப் பிடிக்காது.

அயிரைக்கு இந்தக் கல் உதவாது. அது குழம்பு மீன், மண்சட்டி கேட்கும். மானாமதுரைச் சட்டி ஒன்றைத் துணியில் பொதிந்து, இருபது கிலோமீட்டர் குண்டும் குழியுமான சாலையில் உடையாமல் கொண்டுபோகும் வழியை அம்மா யோசித்துக்கொண்டிருக்கிறார்.