நான் விழுங்கிய மூன்றெழுத்து

எனக்கு இங்கிலீஷ் வரும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். என்னைச் சுற்றியிருந்தவர்களும் நம்பினார்கள் என்பதுதான் வினை.

1997. எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டி ஒரு கன்டெய்னர் ரிப்பேர் யார்டில் நான் ஸ்டோர் கீப்பர். நசுங்கிய பெட்டிகளை நிமிர்த்துவது, ஓட்டை விழுந்த தகட்டை வெட்டி வேறு தகடு வைத்துப் பற்றவைப்பது, துரு சுரண்டிப் பெயிண்ட் அடிப்பது. இதுதான் அங்கே வேலை. பி.காம். படித்தவன் நான் ஒருவன்தான். கேட் பாஸ், கடிதம், ரிப்போர்ட் எல்லாம் என் கையெழுத்தில்தான் போகும். போதாததற்கு டீ நேரத்தில் பையன்களுக்கு வகுப்பு வேறு. 'அன்' போட்டா எதிர்ப்பதம், 'ரீ' போட்டா மறுபடியும், 'மிஸ்' போட்டா தப்பா செஞ்சது, 'இன்' போட்டா இல்லை. கரெக்ட், இன்கரெக்ட். கம்ப்ளீட், இன்கம்ப்ளீட். முன்னொட்டைச் சேர்க்கத் தெரிந்தால் ஆபீஸ் இங்கிலீஷில் பாதி முடிந்தது என்பேன்.

ஒருநாள் ஒரு வெல்டர் கேட்டார்: "அப்போ இன்கம்னா இன்னா சார்?"

"'கம்'னா வர்றது. 'இன்' போட்டா வராது. நம்ம சம்பளம்தான்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தக் கேள்வியிலேயே என் வாய்ப்பாடு உடைந்துபோனது எனக்கு உறைக்கவில்லை.

கிரீஸும் எண்ணெய்ப் பிசுக்கும் கழுவ அதுவரை மண்ணெண்ணெய்தான். வெல்டிங் நடக்கிற இடத்தில் அது வேண்டாம், தீப்பிடிக்காத சரக்காகப் பார்த்து வாங்கு என்றார் முதலாளி. நான் விசாரித்து ஒரு சால்வென்ட் வாங்கினேன். விலைப்பட்டியலில் 'இன்ஃபிளேமபிள்' என்று போட்டிருந்தது. ஃபிளேம் என்றால் சுவாலை. 'இன்' என்றால் இல்லை. முதலாளி கேட்டது இதைத்தானே! 200 லிட்டர் டிரம் வந்து இறங்கியது. மூடியைத் திறந்ததும் பெட்ரோல் வாடை மூக்கில் ஏறியது. மூக்கு ஒன்று சொன்னது, இங்கிலீஷ் வேறொன்று சொன்னது. நான் இங்கிலீஷை நம்பினேன்.

பெயிண்ட் ரூமில் இடமில்லை. வெல்டிங் ஷெட்டின் ஓரமாக வைக்கச் சொன்னேன். டிரம்மை உருட்டி வந்த ஹெல்பருக்குப் பத்தொன்பது வயது, காசிமேட்டுப் பையன். எட்டாவது வரை படித்தவன். அவன் அப்பா தண்டையார்பேட்டையிலிருந்து கிளம்பும் டேங்கர் லாரியில் கிளீனர். அவன் உருட்டுவதை நிறுத்திவிட்டு ஸ்டிக்கரையே பார்த்தான்.

"அண்ணே, டேங்கர் லாரி பின்னால இதே எழுத்துதான் கீது. நெருப்புப் படம் கூட போட்டிருப்பான். இத்த இங்க வெக்கலாமா?"

"உனக்கு இங்கிலீஷ் தெரியுமா, எனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். பையன் வைத்துவிட்டுப் போனான்.

நாலாவது நாள் மதியம். மூடி சரியாகத் திருகப்படவில்லை. அன்று காலையில் டிரம்மிலிருந்து கடைசியாகச் சால்வென்ட் எடுத்துக் கொடுத்தவன் நான். இந்த வகைத் திரவத்தின் ஆவி காற்றைவிடக் கனம்; மேலே போகாது, தரையோடு தரையாக ஊர்ந்து நெருப்பு இருக்கும் இடத்தைத் தேடிப் போகும். 1934-ஆம் வருடத்துப் பெட்ரோலியம் சட்டப்படி, 23 டிகிரிக்குக் கீழேயே ஆவி தீப்பற்றும் பெட்ரோலிய வகையெல்லாம் 'ஏ' வகுப்பு. நம் ஊர் மே மாதத்துக்கு 23 டிகிரி எம்மாத்திரம்? கிரைண்டரிலிருந்து ஒரு பொறி. தரையில் நீலமாக ஒரு கோடு ஓடியதைத்தான் பார்த்தேன். பக்கத்தில் கிடந்த எண்ணெய்த் துணி மூட்டை குப்பென்று எரிந்தது. நான் தண்ணீர் வாளியைத் தேடி ஓடினேன். அந்தப் பையன் மணல் வாளியோடு நெருப்பை நோக்கி ஓடினான். டிரம்மைச் சாய்த்து உருட்டி வெளியே தள்ளியவனும் அவன்தான். யார்டு தப்பித்தது. அவனுக்கு வலது கை முழங்கை வரை வெந்துவிட்டது.

இதுவரை சொன்னது அறியாமை. இனிமேல் சொல்லப்போவதுதான் வாக்குமூலம்.

சாயங்காலம் முதலாளி ரிப்போர்ட் கேட்டார். டிரம்மை அங்கே வைக்கச் சொன்னது யார் என்று எழுத வேண்டும். ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து, கார்பன் தாள் வைத்து எழுதினேன். 'டிரம்மை ஹெல்பர் கையாண்டதால் விபத்து' என்ற பொருளில் முதலில் 'ஹேண்ட்லிங் பை ஹெல்பர்' என்று வந்தது. அது பொய்யில்லை. ஆனால் அதைப் படித்தால் 'யார் சொல்லிக் கையாண்டான்' என்ற கேள்வி வருமே என்று தோன்றியது. பேனாவை எடுத்து முன்னால் மூன்றெழுத்துச் சேர்த்தேன். எம், ஐ, எஸ். மிஸ்ஹேண்ட்லிங். இப்போது தவறு முழுக்க அந்தப் பையனுடையது. என் வாழ்க்கையில் முன்னொட்டைத் தெரிந்து, யோசித்து, துல்லியமாகப் பொருத்தியது அந்த ஒருமுறைதான்.

மறுநாள் அவன் கட்டுப்போட்ட கையோடு வந்தான். கையெழுத்து வேண்டும் என்றேன். "இன்னா எழுதிக்கீதுண்ணே?" என்றான். தமிழில் சொன்னேன்: "டிரம்மை நீ எடுத்து வச்சேன்னு எழுதியிருக்கு." ஆமா, நான்தானே வெச்சேன் என்று தலையாட்டினான். அந்த மூன்றெழுத்தை நான் தமிழில் சொல்லவே இல்லை. இடது கையால் கோணலாகக் கையெழுத்துப் போட்டான். அந்த வாரக் கூலியோடு அவனை நிறுத்திவிட்டார்கள். வேலையின்போது அடிபட்டு மூன்று நாளுக்கு மேல் வேலை செய்ய முடியாமல் போனால் இழப்பீடு உண்டு என்றும், வெறும் கவனக்குறைவைக் காட்டி அதை மறுக்க முடியாது என்றும் 1923-ஆம் வருடத்துச் சட்டம் சொன்னதைப் பிறகு படித்தேன். படித்த பிறகும் காசிமேட்டுக்குப் போய் அவனிடம் சொல்லவில்லை.

அகராதியைப் புரட்டவே எனக்கு ஒரு வருடம் ஆனது. லத்தீனில் இரண்டு 'இன்' உண்டாம். ஒன்று இல்லை என்பது. மற்றது உள்ளே, அதற்குள் என்பது. இன்கமில் இருப்பது லத்தீனே இல்லை, இங்கிலீஷின் சொந்த 'இன்'; அதற்கும் உள்ளே என்றுதான் பொருள். இன்ஃபிளேமபிளில் இருப்பது லத்தீனின் அந்த இரண்டாவது 'இன்': சுவாலைக்குள் போகக்கூடியது. எனக்கு முன்னால் எத்தனையோ பேர் இதில் தடுக்கி விழுந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 1920-களிலேயே அந்த 'இன்'னை வெட்டிவிட்டு 'ஃபிளேமபிள்' என்று எழுதுங்கள் என்று சொல்லியிருக்கிறது. தீக் காப்பீட்டுக் கம்பெனியில் வேலை பார்த்த பெஞ்சமின் லீ வோர்ஃப் என்ற மொழியியலாளர், 'காலி' பெட்ரோல் டிரம் என்ற சொல்லை நம்பி அதன் பக்கத்தில் ஜனங்கள் அலட்சியமாகப் புகைபிடிப்பதைப் பற்றி எழுதினார். காலி டிரம்மில்தான் ஆவி நிறைந்திருக்கும். சொல் ஆளைக் கொல்லும் என்று தெரிந்தவர்கள் உலகத்தில் இருந்திருக்கிறார்கள். நான் குடியிருந்தது விம்கோ நகரில். ஸ்வீடன்காரர்களின் தீப்பெட்டித் தொழிற்சாலையால் பெயர் வந்த பேட்டை அது. தீப்பெட்டிப் பேட்டையில் இருந்துகொண்டு, தீப்பிடிக்கும் என்பதற்கு இங்கிலீஷில் என்ன சொல் என்று தெரியாமல் வகுப்பெடுத்திருக்கிறேன்.

தமிழிலும் இந்த இரட்டை வேடம் உண்டு. அநீதி என்றால் நீதி இல்லாதது. அந்நீதி என்றால் அந்த நீதி. இரண்டிலும் முன்னால் நிற்பது 'அ'தான். ஆனால் நடுவில் ஒரு 'ந்' வந்து பிரித்துக் காட்டிவிடுகிறது. இங்கிலீஷ் அப்படிக் காட்டிக்கொடுப்பதில்லை என்று பல வருடம் அந்த மொழியின் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டிருந்தேன். அதுவும் ஒரு தப்பித்தல்தான். 'இன்' விஷயத்தில் மொழி என்னை ஏமாற்றியது என்று வைத்துக்கொள்ளலாம். 'மிஸ்' விஷயத்தில் ஏமாற்றியது நான்.

முதலாளியிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். 2003-இல் யார்டை மூடும்வரை அவர் என்னை நம்பிக்கையான ஆள் என்றுதான் எல்லாரிடமும் சொல்வார். ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டு நின்றேன். இப்போது பெயரில்லாமல் எழுதுவதில்கூட ஒரு கோழைத்தனம் இருக்கிறது, தெரியும்.

ரிப்போர்ட்டின் கார்பன் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. நீல எழுத்து மங்கிவிட்டது. நடுவில் பிறகு சேர்த்த மூன்றெழுத்து மட்டும் அழுத்தி எழுதியதால் தெளிவாகத் தெரிகிறது. அடியில் அவன் கையெழுத்து தமிழில் இருக்கிறது. அதற்கு மேலே ஒரு வரிகூடத் தமிழில் இல்லை.